பத்து மணித் தீவனம்

1979 ஜூன் 14, வியாழன். ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குஞ்சறையில் நான்கு பல்புகளும் எரிந்துகொண்டிருந்தன. ஆறு மணிக்கு முதல் தீவனம். ஏழு மணிக்குத் தண்ணீர்ச் சட்டிகளைக் கழுவி வைத்தேன். குஞ்சுகள் வந்து நான்காம் நாள். முந்நூற்றில் ஒன்றுகூடக் குறையவில்லை. நாட்குறிப்பில் அந்தக் காலை இப்படித்தான் இருக்கிறது.

குஞ்சறை என்று எழுதியிருந்தாலும் அது நாங்கள் படுக்கும் அறைதான். கிணறு வற்றிய பிறகு, எருமை இரண்டையும் விற்று வாங்கிய குஞ்சுகள் அவை. அவையும் போனால் மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். கொட்டகை முடியாததால் கட்டிலை வெளியே போட்டு, அறைத் தரையில் உமி பரப்பி, தகரத்தை வட்டமாக வளைத்து அதற்குள் விட்டிருந்தோம். காற்று புகாதபடி ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தவன் நான்தான்.

எட்டரைக்குச் செய்தி வந்தது. இரண்டு தோட்டங்காடு தள்ளி, என் சித்தப்பா மகனின் பண்ணையில் கோழிகள் கொத்தாகச் சாகின்றன. எங்கள் பக்கத்தில் மாடு செத்தாலும் போய் விசாரிப்போம். போகாவிட்டால் அது பகை. போனேன். தம்பி கொட்டகை நடுவே நின்றிருந்தான்.

“நேத்து வரைக்கும் முட்டை வெச்சுதுங்கண்ணா. இன்னைக்குப் பாருங்க, கழுத்தை முறுக்கிக்கிட்டுக் கெடக்குது.”

“விடு தம்பி. குழி எங்க வெட்டறது, சொல்லு.”

ஒரு கைக்கு நான்காகக் காலைப் பிடித்துத் தூக்கிப்போய்க் குழியில் போட்டேன். பச்சை எச்சம் செருப்பில் அப்பியது. சாகாமல் இருந்த ஒரு கோழி பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் கிளம்பினேன்.

வீட்டுக்கு வரும்போது 9.50. பத்து மணிக்கு அடுத்த தீவனம். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள்.

“ஏனுங்க, எழவூட்டுக்குப் போயிட்டு அப்படியே உள்ள போறீங்க? தலைக்கு ஊத்திக்கிட்டுப் போங்க.”

“கோழி செத்ததுக்குத் தலை முழுகினா ஊரு சிரிக்கும்.”

“படுக்கற ரூமுல கோழி வளக்கறாங்கன்னு ஊரு நேத்தே சிரிச்சாச்சு. இன்னும் என்னங்க மிச்சம்?”

மனிதர் செத்த வீட்டிலிருந்து வந்தால், தொட்டியடியில் குளிக்காமல் நான் வாசற்படி மிதித்ததில்லை. அன்று கையை மட்டும் கழுவினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே போனேன்.

மாலை மூன்று மணிக்குக் கால்நடை டாக்டர் வந்தார். தம்பியின் பண்ணையிலிருந்து வந்தவர், வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு வேலிப் படலைத் தாண்டாமல் நின்றார்.

“காலையில நீங்களும் அங்க இருந்தீங்களாமே?”

“ஆமாங்க டாக்டர். கை கழுவிட்டுத்தான் குஞ்சுகிட்டப் போனேன்.”

“செருப்பு?”

செருப்புக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“வேட்டி?”

உடுத்தியிருந்த வேட்டியைக் குனிந்து பார்த்தேன்.

“வெள்ளைக் கழிச்சல்தான் அது. எச்சத்துல, தூசுல ஒட்டிக்கிட்டு வரும். நல்ல வெயில் பட்டா சாகும். இருட்டான எடத்துல, உமியில, சுவர் வெடிப்புல நாள்கணக்கா உசுரோட இருக்கும்.” அவர் பார்வை ஜன்னல் சாக்குகளில் நின்றது. “பகல்ல அதை எடுத்துடுங்க. பொழுது சாஞ்சா அடைச்சுத்தான் ஆகணும். காலையில பிளாஸ்க்கோட நாமக்கல்லுக்கு வாங்க, ஐஸ்ல வெச்சுத் தடுப்பு மருந்து தர்றேன். ஆனா கிருமி முன்னாடியே உள்ள போயிருந்தா, மருந்து முந்துமான்னு சொல்ல முடியாது. நாலஞ்சு நாள்ல தெரிஞ்சுடும்.”

அவர் போனதும் நாட்குறிப்பைத் திறந்து, காலையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 9.53 தாழ்ப்பாள். 9.55 தீவன டப்பா. 10.00 தகரத்துக்குள் இறங்கியது. 10.10 மூன்று குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்தது. நான் போன வழியெல்லாம் அந்தக் கிருமியும் போயிருக்கும். பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு. அன்றுதான் சுவரில் எத்தனை வெடிப்பு என்று பார்த்தேன். அத்தனையும் வாய்போல் தெரிந்தன. நாட்குறிப்பையும் அதே கையால்தானே எழுதியிருந்தேன்? செருப்போடு அதையும் மதில்மேல் வெயிலில் விரித்து வைத்தேன்.

ஜன்னல் சாக்குகளை எடுத்துவிட்டு, வேட்டியைக் கொதிநீரில் போட்டேன். தாழ்ப்பாளையும் டப்பாவையும் பினாயில் ஊற்றித் தேய்த்தேன். அதற்குமேல் நான் உள்ளே போகவில்லை. மனைவி குளித்துவிட்டு ஆறு மணித் தீவனத்தை எடுத்துப் போனாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

“எத்தனை இருக்குது?”

“எண்ண விட்டாத்தானுங்க. ஒரு எடத்துல நிக்குதுங்களா பாருங்க.” சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு மட்டும் ஓரத்துல கண்ண மூடிக்கிட்டு நிக்குதுங்க.”

“கழுத்து?”

“நேராத்தான் இருக்குது. தூக்கமா இருக்கும்.”

“தொட்டு எழுப்பிப் பாரு.”

தீவன டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

“வேணாமுங்க,” என்றாள்.

நானும் வற்புறுத்தவில்லை. சாக்கை எடுத்து ஜன்னலை அடைத்தேன்.

ஜூன் 15, வெள்ளி. நாலரைக்கு எழுந்தேன். குஞ்சறைப் பக்கம் திரும்பவில்லை. பிளாஸ்க்கைத் தொடுவதற்கும் முன்னால் தொட்டியடிக்குப் போய், மனைவி நிரப்பி வைத்திருந்த மூன்று குடத் தண்ணீரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.