தை மாதக் குளிரில் வேர்த்த டைப்பிஸ்ட்

அந்தத் தை மாதம் எங்கள் கம்பெனி போட்ட டெண்டர் விலை போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. அந்த டெண்டரை டைப் அடித்தது எங்கள் டைப்பிங் அறை. கல்கத்தாவில் எங்கள் வெள்ளைக்காரக் கம்பெனியின் டைப்பிஸ்டுகள் எல்லோருமே தமிழர்கள். எல்லோர் மேலும் சந்தேகம். துரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

நாங்கள் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றோம். எங்களில் ஒருவரான சேஷனுக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாதக்கணக்காகவே அவருக்கு அப்படித்தான் வேர்த்தது. வெயில் காலத்துக் கல்கத்தாவில் ஒருவன் வேர்ப்பதை எவன் கவனிப்பான்?

இப்போது குளிரில் சூப்பரின்டென்ட் பஞ்சாபகேசன் கவனித்தார்.

"என்ன ஓய், கங்கையில முங்கிட்டு நேரா ஆபீஸுக்கா? உள்ளே பயம் இருக்கறவனுக்குன்னா இப்படி ஊத்தும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அதையே அந்த ஆள் துரையிடமும் போய்ச் சொன்னார். சேஷனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டேன் என்ற சேஷனை டாக்டரிடம் இழுத்துப் போனேன். கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அப்போது புதுசு. பாதரசம் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டர் நம்பாமல் மறுபடி காற்றடித்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்: "இவர் நடந்தா வந்தார்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வேர்வைக்கு வேறு காரணமும் இருக்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் இந்த பிரஷரோடு இவர் மாடிப்படி ஏறக் கூடாது. எந்த நிமிஷமும் விழுந்துவிடுவார்" என்றார்.

சேஷன் முகம் மலர்ந்துவிட்டது. "வைத்தி, அப்போ இது பயமில்லே, வியாதிதான்னு எழுதித் தருவாராடா?"

சாவு பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டு ஒரு மனுஷன் சந்தோஷப்பட்டான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எங்கள் ஆபீஸ்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை நானே துரையிடம் சேர்த்தேன். சற்று நேரத்தில் பஞ்சாபகேசன் வெளியே வந்தார்.

"திருடன் இல்லேன்னு துரை ஒத்துண்டுட்டார். ஆனா வியாதிக்காரனுக்கு இங்கே வேலை இல்லையாம். அனுப்பிச்சாச்சு."

"நீர் மனுஷனா ஓய்?" என்றேன்.

சேஷன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "திருடன் இல்லேன்னாரோல்லியோ? அது போறும்டா."

எனக்குப் போதவில்லை. இன்றும் போதவில்லை.

ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். குளிரில் ஒருவன் வேர்த்து நின்றால் அவன் முகத்தில் குற்றத்தைத் தேடாதே. முதலில் உட்காரவை. டாக்டரைக் கூப்பிடு. உன் விசாரணை எங்கேயும் ஓடிப்போய்விடாது.