அக்காவுக்குத் தைத்த போர்வை

எல்ல என்ற மலையூரில் நான் வேலை செய்யும் விடுதியில், துவைக்க வந்த போர்வை ஒன்றில் துணியை வெட்டி மத்தளம், புல்லாங்குழல் உருவங்களைத் தைத்திருந்தார்கள். அதை என்னால் தண்ணீரில் போட முடியவில்லை.

மடுல்சீமை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாவும் இப்படி ஒன்று தைத்தாள். அக்கா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகவிருந்தாள். அவள் எந்நேரமும் பாடுகிறவள் என்பதால், பழைய சேலைகளை வெட்டி, தப்பு மேளம், உடுக்கை, சலங்கை உருவங்களை அம்மா வைத்துத் தைத்தாள். கொழுந்து பறித்து வெடித்திருந்த விரல்களில் ஊசி ஏறிக்கொண்டே இருந்தது.

"அங்க பாடலாமாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"மெதுவா பாடு" என்றாள் அம்மா.

ஆறாவது மாதம் அக்காவைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் என்றார்கள். கூடவே வந்த பையில் போர்வை இருந்தது. அதைச் சுருட்டி அம்மா கட்டிவிட்ட கயிற்றை யாரும் அவிழ்த்திருக்கவில்லை.

"ஒன்ன எங்க படுக்க வச்சாங்க, கண்ணு?" என்று அம்மா பெட்டியிடம் கேட்டாள்.

இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.