வெள்ளாற்று மடுவில் கெளுத்திக்கு முள் போட்ட கதை

1962 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளாற்றுக்குப் போனேன். மீன் ஆசைதான் காரணம், மறைப்பானேன்! அப்போது நான் புதுக்கோட்டையில் குமாஸ்தா. மழை ஓய்ந்து ஆறு வற்றும்போது கெளுத்தியெல்லாம் ஆழமான மடுவில் ஒதுங்கிவிடும். குளிரில் இரை எடுக்காமல் அடியிலேயே கிடக்கும். மூன்று கொக்கியை ஒன்றாகக் கட்டி, ஈயக்குண்டு சேர்த்து, இரையே இல்லாமல் வீசி வெடுக்கென்று இழுத்தால் உடம்பில் எங்காவது மாட்டும் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். அப்படி நாலு செட்டு செய்து பையில் போட்டுக்கொண்டேன்.

காலை 6.40 பஸ், டிக்கெட் முப்பது காசு. இறங்கி ஒன்றரை மைல் வரப்பில் நடை. பனியில் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது.

மடுவில் எனக்கு முன்பே பத்துப் பதினைந்து பேர். கருவேல முள்ளைக் கட்டுக்கட்டாக, கல்லோடு சேர்த்துக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேலையை நடத்திய சிட்டம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும்.

"சும்மா நிக்காதீங்க தம்பி, அந்தக் கட்ட இங்கிட்டுத் தள்ளுங்க."

பையைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். "எதுக்குக்கா முள்ளு?"

"கொக்கி போட்டு இழுக்குறாய்ங்க. ஒண்ணு மாட்டுனா நாலு வயிறு கிழிஞ்சு செத்து மெதக்குது. முள்ளு கெடந்தா கொக்கி அதுல சிக்கிக்கிரும். சித்திரை வரைக்கும் நாங்க குடிக்கிறது இந்தத் தண்ணிதான். போன வருசம் நாறிப்போயி வாயில வைக்க முடியல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினோரு மணிவரை முள் சுமந்தேன்.

வேலை முடிந்ததும் சிட்டம்மா என் பையைக் காட்டினார். "எடுங்க தம்பி. கரையில வச்சப்பவே ஈயக்குண்டு சத்தம் கேட்டுச்சு. முள்ளு சரியா விழுந்துச்சான்னு பாக்க ஒரு களவாணி வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். திருதிருவென்று விழித்தபடி தெற்கு ஓரமாக வீசினேன். விலாவில் கொக்கியோடு ஒரு கெளுத்தி வந்தது. சிரிப்பு நின்றுபோனது. அந்த ஓரத்தில் முள் விழவில்லை. யாரும் சொல்லாமலே ஒரு கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினேன். குளிரில் பல் கிட்டியது. மறுபடி அதே இடத்தில் வீசினேன். முள்ளில் மாட்டிக் கயிறு அறுந்தது. மிச்ச மூன்று செட்டும் அப்படியே போயின. ஒவ்வொன்றுக்கும் கரையில் குலவை போட்டார்கள். கைப்பொருளைத் தொலைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

போகிறவர்கள் மாற்று வேட்டி எடுத்துப்போங்கள். கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், அதன் முள் குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும். மதியம் கம்பங்கூழும் கட்டுமாவடிக் கருவாடும் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது சிட்டம்மா, "அடுத்த மார்கழிக்கும் வந்துருங்க தம்பி, கொக்கிய மறந்துறாதீங்க" என்றார். ஆறு வருஷம் தவறாமல் போனேன். கடைசி மூன்று வருஷம் வீசிய கொக்கியெல்லாம் முள்ளோடு போனது, ஒரு கெளுத்திகூட மாட்டவில்லை.