ஹவுகெட்டோ அணியின் வேன்

நோர்வேயின் வடமுனையில் ஹம்மர்பெஸ்ட் மீன் ஆலையை விட்டு ஒஸ்லோவுக்கு வந்த நாள்முதல் மரியநாயகம் ஹவுகெட்டோ தமிழ் உதைபந்தாட்ட அணிக்குத்தான் கோல் அடித்தார். அணியின் இளம் பெடியளைத் தன் வேனில் ஏற்றி இறக்கியவரும் அவரே.

2006இல் அவரை ஸ்ட்ரோம்மன் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு இளையவர்களை எடுத்தார்கள்.

"பெடியளும் வளரவேணும், அண்ணை," என்றார் ஹவுகெட்டோ அணியின் செயலாளர்.

இரண்டு அணிகளும் மோதிய ஞாயிற்றுக்கிழமையும் மரியநாயகம்தான் ஹவுகெட்டோப் பெடியளை ஏற்றிப்போனார். வேறு யாரிடம் வேன் இருந்தது? இறங்கியதும் எதிரணியான ஸ்ட்ரோம்மனின் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆட்டத்தின் ஒரே கோலையும் அடித்தார்.

முடிந்ததும் வேனடியில் நெடுநேரம் காத்து நின்றார். பெடியள் சொல்லாமலே ரயிலில் போய்விட்டிருந்தார்கள். பின்னிருக்கையில் கிடந்த அவர்களுடைய பந்துப் பையைக் கொண்டுபோய்ச் செயலாளரின் வாசலில் இறக்கினார்.

"அண்ணை, அடுத்த கிழமையும் வேன் வருந்தானே?"

"பெடியள் வளந்திட்டாங்கள், தம்பி. தாங்களே போய் வருவாங்கள்."