ஆய்வு நாளில் மட்டும் வந்த தண்ணீர்

வெளிநாட்டு உதவியில் கட்டிய ஒன்று, உதவி நின்ற பிறகும் ஓடுமா என்று பார்த்து எழுதுவது என் வேலை. நிலைத்தன்மை மதிப்பீடு என்று அதற்குப் பெரிய பெயர். வாகடில் இருக்கும் அலுவலகத்திலிருந்து காரில் போய் படிவத்தில் டிக் போட்டுவிட்டு வருவேன். அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள், விருந்தாளி வருகிறார் என்று ஒருநாளும் அவசரமாக வீட்டை ஒழுங்குபடுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மராத்தி பேசும் அதே ஊரில், போபோடி பக்கம் ஒரு சந்து. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். மழைக்காலத்தில் குழாயில் கலங்கலாக வரும், பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுப்போகும். அதற்காக ஒரு வெளிநாட்டு நிறுவனம் அங்கே தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்து, பெண்கள் குழு ஒன்றிடம் ஒப்படைத்திருந்தது. எங்கள் மதிப்பீட்டில் ஒரு விசித்திரம் உண்டு. "தானாகவே நிற்கிறது" என்று எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள். "தடுமாறுகிறது" என்று எழுதினால் இன்னும் இரண்டு வருடம் மெக்கானிக் வருவார், உதிரி பாகம் வரும். இதைச் சந்துக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் வேண்டுமென்றே தடுமாறுவார்களாம்.

நானும் வெளிநாட்டு அதிகாரியான ஒரு பெண்மணியும் போனபோது வாசலில் கோலம், தேங்காய், ஆளுக்கொரு ரோஜா. இயந்திர அறைக்குப் பெயிண்ட் அடித்து அந்த வாடைகூடப் போகவில்லை. குழுத் தலைவி, நாற்பதைத் தாண்டியவர், பட்டுச் சேலையில் நின்றார். குழாயைத் திறந்தார், தண்ணீர் கொட்டியது. அதிகாரி படமெடுத்தார். எனக்கு ஒரு டம்ளர் நீட்டினார்கள். வாயில் வைத்ததும் குளோரின் வாடை; இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரில் அது வராது. சந்து முனையில் இருக்கும் மாநகராட்சிக் குழாயின் அதே தண்ணீர். அறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மேல்தொட்டிக்குப் போகும் படியெல்லாம் ஈரம். கீழே வரிசையாகக் குடங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். விடியற்காலையிலிருந்து சுமந்து ஊற்றியிருக்கிறார்கள். இயந்திரத்தின் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சரிசெய்து தரக்கூடிய ஒரே ஆளிடமா மறைப்பார்கள்? ஆனால் எனக்கு இது புதிதும் இல்லை. அந்தச் சந்தில் முக்கால்வாசி தொழிற்சாலைக் குடும்பங்கள். நானும் அப்படி ஒரு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்: ஆபீசர் கண்ணில் குறை படக் கூடாது, பட்டால் அப்பாவுக்கு மெமோ. ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த பக்கெட்டை அம்மா கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "சப் டீக் ஹை சாப்", எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா, என்பாள். ஆபீசர் போய்விடுவார். கூரை அடுத்த மழைக்கும் ஒழுகும்.

"ஏதாவது குறை இருக்கிறதா?" என்று அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். தலைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அவர் மானத்தை வாங்க மனம் வரவில்லை. எதுவும் இல்லை என்றேன். அலுவலகத்தில் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

எழுதவும் செய்தேன், குறிப்புரையில் ஒரு முழுப் பக்கம். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. நேரில் ஏன் சொல்லவில்லை? படத்தில் தண்ணீர் வருகிறதே? ஒரு மாதம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டினேன். மறுபடி போய்ப் பார்க்கலாம் என்றேன். இரண்டாவது பயணத்துக்கு அனுமதி இல்லை என்றார்கள். ஒரே ஊருக்குள், வாகடிலிருந்து போபோடிக்குப் பயணமாம்! கடைசியில் என் பக்கத்தை எடுத்துவிட்டு, "தானாகவே நிற்கிறது" என்று கோப்பை மூடினார்கள்.

மழை தொடங்கியதும் நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். தலைவி ஸ்டவ்வில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய சின்ன மகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு படுத்திருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சு குடுத்திருப்பாங்களேக்கா. ஏன் மறைச்சீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"அப்பவே மஷீன் பந்த் ஆகி எட்டு மாசம். அப்படியே காட்டினா, குடுத்ததக் கெடுத்துட்டாளுங்கன்னு பிடுங்கிக்கினு பூடுவாங்கன்னு பயம்மா."

ஸ்டவ்வைக் குறைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தண்ணிய வாயில வெச்சதும் உன் மூஞ்சி மாறிச்சு. உனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனுக்கும் தெரியும். அந்த மேடமுக்கு நம்ம பாஷை புரியாது. நீ அங்கியே தமிழ்ல என்கிட்ட, 'அக்கா, உண்மையச் சொல்லிடு, அதான் உனுக்கு நல்லது'ன்னு சொல்லியிருக்கலாமே. ஏம்மா சொல்லல?"

விதி என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே மகள் தண்ணீர் கேட்டாள். காய்ச்சியது இன்னும் ஆறவில்லை.