என்னுடையது என்று சொன்னேன்

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்கார்பரோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் நாங்கள் குடியிருந்தபோது, என் கணவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது. டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார். நான் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்துகொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

மூன்று கிழமைக்கு ஒருமுறை, எட்டுத் தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார் வைத்தியர். முதல் தடவையே ஆளை உருக்கிவிட்டது. நாள் முழுக்க வெங்காயம் வதக்கிய மனிதருக்கு வெங்காய மணம் பட்டாலே குமட்டியது. ஜனவரிக் குளிரில் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினேன். இரண்டு மிடறு உள்ளே போகும், மூன்றாக வெளியே வரும். வாந்தியை நிறுத்த வைத்தியர் ஒரு குளிசை எழுதித் தந்தார். கஞ்சாவில் இருக்கிற சத்தைப் போலவே தொழிற்சாலையில் செய்தது, நல்ல மருந்து என்றார். அதை விழுங்கிப் பத்து நிமிடத்தில் அவர் சத்தி எடுத்தார். குளிசை கரையாமல் முழுதாக பேசினுக்குள் கிடந்தது.

அவரோடு வேலை செய்த ஜமேக்கா நாட்டுச் சமையல்காரர் ஒருவர் ஒரு ஞாயிறு பகல் பார்க்க வந்தார். பூட்ஸில் பனி இருந்ததால் வாசலைத் தாண்டவில்லை. ஈயத்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டி, தன் தாய்க்கும் இதே நோய்தான், இதைப் புகைத்துத்தான் அவர் சாப்பிட்டார் என்றார்.

அவர் போனதும் எனக்கு ஆத்திரம் வந்தது. "உந்தக் கஞ்சாக் கண்றாவியை வீட்டுக்குள்ளை வைக்காதேங்கோ" என்றேன். வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்திராதவர் என் கணவர்.

"ஒருக்காப் பாப்பம். வயித்துக்குள்ளை ஒண்டும் நிக்குதில்லை. நீரும் காணுறீர்தானே" என்றார்.

கம்பளியைப் போர்த்துக்கொண்டு பல்கனியில் நின்று இருமி இருமி இழுத்தார். உள்ளே வந்து கதிரையில் சாய்ந்தார். பிறகு, "இஞ்சரும், சோறு கிடக்கோ?" என்று கேட்டார்.

சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தார். இப்போது வரும், இப்போது வரும் என்று சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை.

அப்படி மூன்று தடவை மருந்து ஏற்றி முடித்தோம். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அப்போதுதான் கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பர் வந்து கதவைத் தட்டினார். மணம் வருகிறது என்று யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்களாம். அதைச் சொன்ன வாயில் பியர் மணந்தது. இரண்டு நாளில் கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வந்தது. வாடகை வீட்டில் சட்டவிரோதச் செயல், இருபது நாளில் வெளியேறவும்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போனேன். என் அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கடிதத்தை வாசிக்கவே இல்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாள்.

எல்லாருக்கும் ஒன்று! அதே கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. மருந்து ஏற்றிவிட்டு வந்த மனிதர் ஒவ்வொரு மாடியிலும் படியில் குந்தியிருந்து குந்தியிருந்து ஒன்பது மாடி ஏறினார். லிப்டைத் திருத்த வேண்டும் என்பதும் விதிதான். அதை மீறியவர்களின் கதவுக்குக் கீழால் யாரும் கடிதம் போடவில்லை. இதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்கு அதற்கான ஆங்கிலம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். ஈயத்தாள் மேசையில், குளிசைப் போத்தல்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒளிக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. மூத்தவர் அதைக் கையிலெடுத்து, யாருடையது என்று கேட்டார். என் கணவர் சோபாவிலிருந்து எழும்ப முயன்றார். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரி. காய்ச்சல்காரர் பக்கத்தில் இருந்தாலே ஆபத்து என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவரை ஒரு கூண்டுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அதற்குள் என் வாய் முந்திவிட்டது.

"மைன்" என்றேன்.

இளையவர் என்னைப் பார்த்தார், என் கணவரின் மயிரில்லாத தலையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காரில் ஏற்றும்போது என் தலை இடிக்காமல் கையை வைத்து மறைத்தார். யார் தந்தது என்று ஸ்டேஷனில் ஒரு தடவைதான் கேட்டார், தெரியாது என்றதும் விட்டுவிட்டார். அவர் நல்ல மனிதர். விளங்கிக்கொண்ட நல்ல மனிதர் ஒருவரைக் கொண்டே என் பத்து விரலையும் மையில் உருட்டவைத்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது.

வழக்குப் பதிந்து அன்றிரவே வீட்டுக்கு விட்டார்கள். எங்கள் மாடியிலிருந்த ஒரு அன்ரி திங்கட்கிழமை படிக்கட்டில் என்னை நிறுத்தினார். முன்பெல்லாம் ரசம் வைத்து அனுப்புகிறவர்.

"தங்கச்சி, பொலிசு வந்ததாம். உதாலை எங்கடை ஆக்களுக்கெல்லோ கெட்ட பேர்" என்றார்.

"அவர் ஒரு வாய் சோறு திண்டதாலை ஆருக்கு அன்ரி கெட்ட பேர்?" என்று கேட்டேன். அவர் இறங்கிப் போனார். அதன் பிறகு ரசம் வரவில்லை. வந்திருந்தாலும் வெளியே ஊற்றியிருப்பேன்.

அந்த மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் குடியுரிமைக்கான சிட்டிசன் சோதனைக்கு அழைப்பு வரவேண்டியிருந்தது. அவருக்கு மட்டும் வந்தது. வழக்கு முடியும்வரை என் விண்ணப்பம் நிற்கும் என்றார்கள். அதைக் கேட்ட நாளோடு அவர் புகைப்பதை நிறுத்திவிட்டார். சமையல்காரர் இன்னொரு பொட்டலம் கொண்டுவந்தபோது கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

"இன்னும் நாலு தரம் கிடக்கு. எப்பிடித் தாங்கப் போறியள்?" என்று நான் கெஞ்சினேன்.

"தாங்குவன். நீர் உள்ளுக்குப் போனா எனக்கு ஆர் கஞ்சி காய்ச்சுறது?"

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்ச நாலு தடவையும் குளியலறைத் தரையில், குளிர்ந்த ஓட்டில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். பிடித்த சதையெல்லாம் போய்விட்டது. கடைசித் தடவை தண்ணீரும் நிற்காமல் ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அந்த நாலு தடவையை நோயின் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அது சட்டம் கொடுத்த வருத்தம்.

வழக்கு வசந்தகாலத்தில் வந்தது. நீதிபதி ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்தார். குற்றம் குற்றம்தான், ஆனால் தண்டனை இல்லை, பதிவும் வைக்க வேண்டியதில்லை என்றார். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பின்வரிசை வாங்கில் சமையல்காரர் வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்தார். தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று மட்டும் என் காதுக்குள் சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

வீட்டை நாங்கள் அதற்கு முதலே விட்டுவிட்டோம். கட்டட அலுவலகத்தோடு இன்னொரு வழக்காட எங்களிடம் உடம்பு இல்லை. மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்டுக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவதற்காக நான் கார் ஓடப் பழகினேன். ஒன்றரை வருடம் பிந்தி எனக்கும் சிட்டிசன் கிடைத்தது. அவர் பிழைத்துக்கொண்டார். மயிர் முளைத்தது, பழையபடி உணவகத்துக்குப் போனார், இன்றைக்கும் உப்புக் கூடிவிட்டது என்று என் கறியைக் குறை சொல்கிறார்.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில் ஒரு கஞ்சாக் கடை வரப்போவதாகத் தபாலில் ஒரு தாள் வந்தது. அயலவர்கள் கருத்துச் சொல்லலாமாம். மணம், சத்தம், கார் நிறுத்துமிடம், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசியில் 'வேறு ஏதாவது' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. எங்களுக்கு நடந்ததையெல்லாம் நான் அதில் தமிழில் எழுதத் தொடங்கினேன். கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து, தாளின் பின்பக்கமும் நிறைந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். "உதை ஆர் வாசிக்கப் போறாங்கள்? விடுமப்பா. நான் எப்பவோ மறந்திட்டன்."

"நீங்கள் மறவுங்கோ. அவையள் ஆளைப் பிடிச்சு மொழிபெயர்க்கட்டும்" என்றேன்.

முத்திரை ஒட்டி, நானே நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டேன்.