பெஞ்சுக்காரன் ஹாலந்தில் பார்த்த வகுப்பு

பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு செய்து விற்பவனுக்கு வகுப்பறையில் தெரியாத மூலை கிடையாது. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை நான் டேப்போடு நுழையாத பள்ளி இல்லை. படித்தது மட்டும் எட்டாவது. அட்மிஷன் வரிசையில் நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் என் வயிறு எரிகிறது.

போன வருஷம், ஹாலந்தில் துறைமுக வேலையில் இருக்கும் மகன் அருள் வீட்டுக்குப் போனேன். அவனுடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். நீட்டிப்பதா, ஊருக்கே வந்துவிடுவதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். கூட்டி வந்தே தீருவது என்றுதான் விமானம் ஏறினேன். ஏழு வயசுப் பேத்தி ஜெனிக்கு ராயபுரத்தில் ஒரு பள்ளியில் சீட்டும் பிடித்து வைத்திருந்தேன்; அதற்காக அறுபது பெஞ்சுக்கு விலையைக் குறைத்திருந்தேன். ஹாலந்தில் அவள் படிக்கும் பள்ளியில், வகுப்பிலேயே வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

வாசலில் ஒரு கை

டீச்சரம்மா வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து உள்ளே அனுப்புகிறார். எனக்குத் தெரிந்த வாத்தியார் கையெல்லாம் நேராகக் காதுக்குத்தான் வரும். ஒரு பையன் தாமதமாக, நனைந்து போய் வந்தான். ஆஹா, இப்போது இருக்கிறது பூசை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சைக்கிள் செயின் கழன்றுவிட்டதாம். அவனுக்கும் கை கொடுத்தார். கிரீஸ் அவர் கையில் ஒட்டியது, துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

முட்டி போட்டே தேய்ந்த என் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது? மொழிபெயர்க்க வந்திருந்த அருள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா நைனா, அவனே உள்ள போய் குந்திகினான், நீ ஏன் பல்லக் கடிச்சிகினு கீற?"

நாலடி பெஞ்சு

மேஜைக்கு இரண்டே பிள்ளைகள். பழக்கதோஷம், டேப்பை உருவி அளக்க ஆரம்பித்துவிட்டேன். கூட்டல் கணக்கு போட்டுக்கொண்டிருந்த வகுப்பு முழுக்க என்னைச் சுற்றிக்கொண்டது. நம்மூராக இருந்தால் என்னை வெளியே தள்ளியிருப்பார்கள். டீச்சரம்மா கணக்கை மூடி வைத்துவிட்டு, உங்கள் ஊர் பெஞ்சு எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

தரையில் சாக்பீஸால் நாலடி கோடு போட்டுக் காட்டினேன். "பரீட்சைன்னா மூணு பேர், சாதா நாள்ல நாலு, அட்மிஷன் ஜாஸ்தியானா அஞ்சு" என்றேன், பெருமையாகத்தான். ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவன் கோட்டுக்கு வெளியே உருண்டான், ஒரே சிரிப்பு. அதில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என்னமோ கேட்டாள். ஆயிரக்கணக்கில் பெஞ்சு விற்ற எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. ஜெனி சொன்னாள்: "தாத்தா, எழுதும்போது அவங்க கைய எங்க வெச்சிப்பாங்கன்னு கேக்குறா."

ஏழாம் வாய்ப்பாடு

பெற்றோரோடு டீச்சர் பேச ஆளுக்குப் பத்து நிமிஷம். நானும் குட்டி நாற்காலியில் உடம்பைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெனி எத்தனையாவது ரேங்க் என்றேன். அந்தம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. ஏழாம் வாய்ப்பாடு சொல்வாளா என்றேன். தடுமாறுவாள் என்றார். மாட்டிக்கொண்டாயா! எங்கள் திருவொற்றியூரில் இந்த வயசுப் பிள்ளை பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் சொல்லும் என்று மேஜையைத் தட்டினேன்.

பேரத்தில் என் வித்தையே அதுதான். சரக்கில் ஒரு குறையைப் பிடித்து அதிலேயே அடித்துக்கொண்டிருப்பேன். எதிராளி மழுப்ப மழுப்ப விலை இறங்கும். இந்தம்மா மழுப்பவே இல்லை. அருள் மொழிபெயர்த்தான்: "ஆமா, அவளுக்கு இன்னும் வரல, அதுக்குத்தானே நான் இருக்கேன்னு சொல்றாங்க."

ராயபுரத்து போன்

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அந்த ராயபுரம் பள்ளித் தாளாளர் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். சீட்டை வைத்திருக்கவா, வேறு ஆளுக்குக் கொடுக்கவா என்றார். சமையலறையில் அருள் குழாயை மூடுவது கேட்டது. என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான். வாங்கிய எதையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. ஜெனி பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. "வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றேன். குழாய் திறக்கவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

தாளாளர் சொன்னார்: "சரி அண்ணாச்சி, சீட்டு போனா போகட்டும், பெஞ்சுக்குக் குறைச்ச விலைய மட்டும் ஏத்திப்புடாதிய."

ஊரான் பள்ளிக்கூடத்தில் குறை தேடிப் போனவன், பேத்தியை அங்கேயே விட்டுவிட்டு, ஏர்போர்ட்டில் யாரும் எடை போடாத வயிற்றெரிச்சலோடு வீடு வந்து சேர்ந்தேன்.